கரை சேர்க்கும் காற்று

(அறிவியல் ஆசிரியர்களுக்கான வட்டார அளவிலான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் மூன்று அமர்வுகள் முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு பேச வந்திருக்கிறேன். இந்த நேரத்தில் பேச வருபவரின் நிலை, ஏழாம் பிரிவேளை எடுக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால் நேராக ஒரு விடைத்தாளில் இருந்து தொடங்கிவிடுகிறேன்.

நான் கரிசல் காட்டுக்காரி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தேன். திருச்செந்தூருக்குப் போகும்போது கடலில் கால் நனைப்பதோடு சரி. மாறுதல் கலந்தாய்வில் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றின் உயர்நிலைப் பள்ளி கிடைத்தபோது எனக்கு வயது முப்பத்தைந்து. போன இரண்டாம் ஆண்டில், வாழிடம், தகவமைப்பு எல்லாம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தி முடித்துவிட்டு, அலகுத் தேர்வில் பாடநூலில் இல்லாத கேள்வி ஒன்றை வைத்தேன். எங்கள் ஊரில் கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். பெரிய பெரிய கற்கள். அதன் ஒரு பக்கத்துக் கற்களில் கொட்டலசு அப்பிக் கிடக்கும். மறுபக்கத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். ஏன் இந்த வேறுபாடு? இரண்டு மதிப்பெண்.

உள்நாட்டுப் பள்ளிகளில் இருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கொட்டலசு என்பது குட்டி எரிமலை போல வெள்ளையாக, கல்லிலும் பாலத் தூணிலும் படகின் அடியிலும் ஒட்டியிருக்கும் உயிரி. வெறுங்காலோடு மிதித்தால் கிழித்துவிடும். பார்னக்கிள் என்று ஆங்கில வழி நூல்களில் பார்த்திருப்பீர்கள்.

நான் எதிர்பார்த்த விடை இதுதான்: அலையின் வேகம், வெயில், கிடைக்கும் உணவு, பற்றிக்கொள்ளும் தளம். இவற்றில் இரண்டை எழுதினால் முழு மதிப்பெண். ஒரு மாணவன் ஒரே வரி எழுதியிருந்தான்: "காத்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடல." சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். பேச்சு வழக்கில் எழுதாதே என்று பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு.

அந்தப் பெருக்கல் குறி தவறு என்று எனக்குப் புரிய நான்கைந்து ஆண்டுகள் ஆயின. எப்படிப் புரிந்தது என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தேன்.

எருக்கஞ்செடியின் விதை காற்றில் பறக்கும், தேங்காய் நீரில் மிதந்து போகும் என்று விதை பரவுதல் பாடத்தில் நாம் எல்லோரும் நடத்துகிறோம். செடிக்குக் கால் இல்லை, அதனால் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புகிறது என்று நான் சொல்வேன், குழந்தைகள் சிரிப்பார்கள். கடலில் இருக்கும் பல முதுகெலும்பற்ற உயிரிகளுக்கும் இதே நிலைதான். கொட்டலசு ஒட்டிய இடத்தை விட்டு வாழ்நாள் முழுவதும் நகராது. சிப்பியும் கிட்டத்தட்ட அப்படித்தான். பவளமும் அப்படியே. நகரும் வாய்ப்பு அவற்றுக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கிறது. முட்டையில் இருந்து வெளிவந்த இளவுயிரியாக, அதாவது லார்வாவாக, கண்ணுக்குத் தெரியாத அளவில் கடல்நீரில் மிதந்து திரியும் சில நாட்கள் அல்லது சில வாரங்கள் அவை. அதற்குள் ஏதாவது ஒரு கல்லில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அதன் கதை முடிந்தது.

இந்த இளவுயிரியும் அந்தக் கொட்டலசும் ஒரே உயிரிதான் என்பதே 1830 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கொட்டலசைச் சிப்பி, நத்தை இனத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் இருந்த ராணுவ மருத்துவர் ஜான் வான் தாம்சன், மெல்லிய துணி வலையால் கடல்நீரை அரித்து, கிடைத்த நுண்ணுயிரிகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்துப் பார்த்தார். நீந்திக்கொண்டிருந்த ஒன்று பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு கொட்டலசாக மாறியது. சிப்பி போலத் தெரிந்தது இறால், நண்டின் உறவு என்று அதன் குழந்தைப் பருவத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். துணி வலையும் கண்ணாடிப் பாத்திரமும் நம் பள்ளியிலும் இருக்கின்றன என்பதற்காக இதைச் சொன்னேன்.

சரி, இந்த இளவுயிரி எவ்வளவு தூரம் போகும்? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டாம் வகுப்புக் கணக்கே போதும். முத்துச் சிப்பியை எடுத்துக்கொள்வோம். அதன் முட்டை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கரு உருவாகி, மிதந்து, தரையில் ஒட்டும் குஞ்சாக மாற ஏறத்தாழ மூன்று வாரம். நீரோட்டம் மிக மெதுவாக, நொடிக்கு 10 சென்டிமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. திசை மாறாமல் 20 நாள் போனால் சுமார் 170 கிலோமீட்டர். மன்னார் வளைகுடாவின் அகலமே ஏறக்குறைய அவ்வளவுதான். நம் கடலில் பிறந்த குஞ்சு இலங்கைக் கரையில் இறங்கலாம். காற்று திரும்பி நீரோட்டமும் திரும்பினால், பிறந்த இடத்துக்கே வந்தும் சேரலாம்.

இளவுயிரி நீந்தாதா என்று என் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். நீந்தும். சிப்பியின் இளவுயிரி நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நீந்தும். நொடிக்கு 10 சென்டிமீட்டர் ஓடும் நீரை எதிர்க்க அது போதாது. ஆனால் மேலும் கீழும் போகப் போதும். 20 மீட்டர் ஆழத்தை அரை நாளுக்குள் கடந்துவிடும். மேல் நீர் ஒரு பக்கமும் அடி நீர் வேறு பக்கமும் ஓடும் கடலில், எந்தத் தட்டில் இருப்பது என்பதே போகும் ஊரைத் தீர்மானித்துவிடும். இதைப் பேருந்து நிலையத்தில் நிற்கும் குழந்தையோடு ஒப்பிட்டுச் சொன்னேன். அதனால் பேருந்தை ஓட்ட முடியாது, எந்தப் பேருந்தில் ஏறுவது என்று மட்டும் முடிவு செய்யலாம். ஒப்புமை முழுக்கப் பொருந்தாது என்று தெரியும். ஆனாலும் வகுப்பில் எடுபட்டது.

இப்போது காற்றுக்கு வருகிறேன். கடற்காற்று, நிலக்காற்று, பருவக்காற்று எல்லாம் நாம் நடத்துகிறோம். படத்தில் அம்புக்குறி போடுகிறோம். அம்புக்குறி காற்றோடு நின்றுவிடுகிறது. அந்தக் காற்று அடித்தபோது அடியில் இருந்த நீர் என்ன செய்தது என்று நாம் கேட்பதில்லை. நான் கேட்டதே இல்லை.

நார்வே நாட்டு நான்சென் 1893 முதல் 1895 வரை வடதுருவக் கடலில் பனிக்கட்டிக்குள் உறைந்த கப்பலோடு மிதந்து போனார். பனிக்கட்டி காற்றின் திசையிலேயே போகாமல் அதற்கு வலப்பக்கமாக விலகிப் போவதைக் கவனித்தார். ஏன் என்ற கணக்கை எக்மன் என்ற இளம் ஆய்வாளர் 1905-இல் விரிவாக எழுதினார். பூமி சுழல்வதால், வடகோளத்தில் காற்று தள்ளும் மேல்தட்டு நீர் மொத்தமாகப் பார்த்தால் காற்றுக்கு வலப்பக்கமாகப் போகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா கரைக்கு வாருங்கள். இந்த விஷயம் மிகத் தெளிவாகப் பிடிபட்ட இடம் அதுதான்.

அங்கே வசந்த காலத்திலும் கோடையிலும் வடமேற்கில் இருந்து கரையை ஒட்டியே பலமாகக் காற்று அடிக்கும். கரை காற்றுக்கு இடப்பக்கம், பெருங்கடல் வலப்பக்கம். எனவே மேல் நீர் கரையை விட்டு ஆழ்கடலை நோக்கி விலகும். அந்த இடத்தை நிரப்ப அடியில் இருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். மேல் நீரோடு கொட்டலசின் இளவுயிரிகளும் போய்விடும். காற்று தளரும் சில நாட்களில், வெளியே போயிருந்த வெதுவெதுப்பான நீர் கரைக்குத் திரும்பும். அப்போது இளவுயிரிகள் கூட்டமாக வந்து பாறையில் இறங்கும். 1980-களில் மான்டரே பகுதிப் பாறைகளில் ரஃப்கார்டனும் கெய்ன்ஸும் அவர்களோடு வேலை செய்தவர்களும் இதைத்தான் கண்டார்கள். புதுக் குஞ்சுகள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வரவில்லை. வராத நாட்களில் வரவே இல்லை, வந்த நாட்களில் கொட்டித் தீர்த்தன. அந்த நாட்கள் காற்று ஓய்ந்த நாட்களாக இருந்தன. 1988-இல் சயன்ஸ் இதழில் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூலில் ஸ்காட்லாந்துப் பாறைக் கொட்டலசுகளைப் பற்றிய கானெலின் ஆய்வு வருகிறது. 1961-இல் வெளிவந்த ஆய்வு. பெரிய இனம் சின்ன இனத்தை நெருக்கித் தள்ளிவிடுகிறது. பெரிதை அப்புறப்படுத்தினால் சின்னது கீழேயும் வாழ்கிறது. போட்டிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை, நானும் அதைச் சொல்லித்தான் நடத்துவேன். ஆனால் அந்தப் பாறையில் ஆண்டுதோறும் இடமே இல்லாத அளவுக்குக் குஞ்சுகள் வந்து குவிந்தன. இடத்துக்குச் சண்டை வர, முதலில் ஆள் நிறைய வர வேண்டும் அல்லவா? கலிபோர்னியாப் பாறைகள் பலவற்றில் அவ்வளவு பேர் வரவே இல்லை. பாறையில் இடம் காலியாகக் கிடந்தது. அங்கே யார் எவ்வளவு இருக்கிறார்கள் என்பதைப் போட்டியைவிட வரவே கூடுதலாகத் தீர்மானித்தது. வரவைக் காற்று தீர்மானித்தது.

என் விடைக்குறிப்பின் ஓட்டை இங்கேதான் இருந்தது. அலை, வெயில், உணவு, தளம் எல்லாம் வந்து இறங்கிய பிறகு பிழைப்பதற்கான காரணங்கள். வந்து இறங்கியதா என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. அவன் கேட்டிருந்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கலிபோர்னியாக் கதை அத்தோடு முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் கரையில் இருந்து வெளிக்கடல் வரை வலை போட்டு அரித்துப் பார்த்தபோது, பல இனங்களின் இளவுயிரிகள் கரையை விட்டுச் சில கிலோமீட்டருக்குள்ளேயே இருந்தன. பலமான காற்றுக் காலத்தில்கூட அப்படித்தான். ஆழத்தை மாற்றி மாற்றி, அடி நீரோடு கரைப் பக்கமே நின்றுவிடுகின்றன. எல்லாவற்றையும் காற்று அடித்துக்கொண்டு போகிறது என்ற முதல் சித்திரம் திருத்தப்பட்டது. காற்றின் பங்கு இல்லாமல் போகவில்லை, கொஞ்சம் சிக்கலானது. மாணவர்களிடம் இந்தத் திருத்தத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாக் கரைக்கும் ஒரே விதி இல்லை என்பதும் முக்கியம். ஐரிஷ் கடலில் உள்ள மேன் தீவில் 1977 முதல் 1981 வரை பார்த்தவர்கள், கடலில் இருந்து கரையை நோக்கிக் காற்று அடித்தபோது கொட்டலசுக் குஞ்சுகள் அதிகம் ஒட்டியதைக் கண்டார்கள். அங்கே காற்று நேராகத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கிறது. கலிபோர்னியாவில் காற்று ஓய்ந்தால்தான் வருகிறது. கரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது, கடல் எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு. அதனால் வெளிநாட்டு விடையை அப்படியே எடுத்து நம் கரையில் ஒட்டிவிட முடியாது.

நம் கரைக்கு வருவோம். எங்கள் ஊரில் பெரியவர்கள் காற்றைப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான். கடல் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். வாடையோடு வருவது வாநீவாடு, சோழகத்தோடு வருவது சோநீவாடு. காற்றையும் நீரையும் சேர்த்தே ஒரு சொல்லில் வைத்திருக்கிறார்கள். நான் பாடத்தில் இரண்டையும் தனித்தனி அலகாக வைத்திருந்தேன். அந்த மாணவன் அப்பாவோடு விடியற்காலையில் வலை எடுக்கப் போய்விட்டு, முதல் பிரிவேளையில் தூங்கி விழுகிறவன். அவன் எழுதிய ஒற்றை வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

தூத்துக்குடி மாவட்டத்தில் பாடம் எடுப்பவர்கள் முத்துக்குளிப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. சமூக அறிவியல் ஆசிரியர்கள் கொற்கையைச் சொல்வார்கள். அறிவியல் ஆசிரியர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் வாதம். கரையில் இருந்து பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி, 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கடலடிப் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பார் என்பார்கள். முத்துச் சிப்பி அங்கேதான் படுகை படுகையாக வளரும். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் சிப்பி எடுத்த பார், அடுத்த சில ஆண்டுகளில் வெறும் பாறையாகக் கிடக்கும். பிறகு ஒருநாள் திடீரென்று மறுபடியும் குஞ்சு மூடிக் கிடக்கும். எங்கள் கரிசலில் மழை பொய்த்தது என்போம். இங்கே பார் பொய்த்தது.

இலங்கைப் பக்கத்திலும் இதே கதை. 1891-க்குப் பிறகு 1903 வரை அங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. அரசுக்கு வருமானம் போயிற்று. லிவர்பூலில் பேராசிரியராக இருந்த ஹெர்ட்மனை வரவழைத்தார்கள். 1902-இல் வந்து பார்த்தார். அவருடைய உதவியாளராக வந்து தங்கி வேலை செய்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநராக இருந்தவர் இவர்தான்.

அவர்கள் அறிக்கையில் என்னை நிறுத்திய பகுதி பெரிய பார் பற்றியது. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில், கரையில் இருந்து சுமார் 20 மைல் தள்ளி, 11 மைல் நீளத்துக்குக் கிடக்கும் திட்டு. அதன் மேற்கு விளிம்பை அடுத்துக் கடல் சரேலென்று ஆழமாகிவிடும். அங்கே குஞ்சுகள் வந்து இறங்குவதில் குறையே இல்லை. எண்ண முடியாத அளவுக்கு வரும். தாய்ப் பார் என்று அதை மக்கள் சொன்னார்கள். இருந்தும் அங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1880-க்குப் பிறகு இருபது சொச்சம் ஆண்டுகளில் குறைந்தது 11 முறை குஞ்சுகள் வந்து நிறைந்தன. ஒரு முறைகூட அவை எடுக்கும் வயது வரை நிலைக்கவில்லை. 1902-இன் தொடக்கத்தில் குஞ்சுகள் மூடியிருந்த பார், தென்மேற்குப் பருவக்காற்று அடித்து ஓய்ந்த பிறகு வெறுமையாகிவிட்டது. ஆழ்கடலில் இருந்து வரும் அலை அந்த விளிம்பில் மோதி, மணலைக் கிளப்பிக் குஞ்சுகளை வாரிக்கொண்டோ மூடிவிட்டோ போய்விடுகிறது என்று ஹெர்ட்மன் எழுதினார். நீரோட்டம் கொண்டுவந்து இறக்கிய இடம், பருவக்காற்றின் நேர்வழியில் இருந்தது.

அவர் ஒரு யோசனையும் சொன்னார். அங்கே இறங்கும் குஞ்சுகளை அள்ளி, காற்றுக்கு மறைவான பார்களுக்கு மாற்றிவிடலாம் என்றார். நாற்றங்காலில் இருந்து எடுத்து நடுவது போல.

பிறகு நடந்ததும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1903-இல் மறுபடி சிப்பி கிடைத்தது. 1905-இல் மட்டும் எட்டுக் கோடிக்கும் மேல் எடுத்தார்கள். அதைப் பார்த்து 1906-இல் ஒரு கம்பெனி 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்குப் பிறகு பார்களில் எடுக்கச் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனியை மூடிவிட்டார்கள். காற்று மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். எட்டுக் கோடி எடுத்த கையும் ஒரு காரணம்தான். திருக்கையும் நட்சத்திர மீனும் சிப்பியைத் தின்பவை, அதுவும் சேரும். ஆனால் இந்த ஆண்டு வந்த வரவு அடுத்த ஆண்டும் வரும் என்று இருபது ஆண்டுக்குக் கணக்குப் போட்டார்களே, மானாவாரி விவசாயி யாராவது அப்படிக் கணக்குப் போடுவாரா? என் அப்பா போடமாட்டார்.

தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பிறகு இன்றுவரை இல்லை. எங்கள் பள்ளியில் தாத்தா முத்துக் குளித்தவர் என்று சொல்லும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். தாத்தா தொழிலை ஏன் அப்பா செய்யவில்லை என்று கேட்டால், அரசாங்கம் நிறுத்திவிட்டது என்கிறார்கள். சிப்பி வராததால் நிறுத்தியது என்ற பாதியை வகுப்பில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1981-இல் முத்துச் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே உற்பத்தி செய்து காட்டினார்கள். நுண்பாசியைத் தீவனமாகக் கொடுத்து, நீரைச் சுத்தமாக வைத்து வளர்த்தால், மூன்று வாரத்தில் தொட்டியின் சுவரில் குஞ்சுகள் ஒட்டுகின்றன. அதே சிப்பி, அதே முட்டை. தொட்டியில் அலைக்கழிக்க நீரோட்டம் இல்லை. கடலில் அந்த மூன்று வாரத்துக்குள்தான் எல்லா நிச்சயமின்மையும் அடங்கியிருக்கிறது. மன்னார் வளைகுடா முத்துச் சிப்பி முட்டையிடும் உச்சக் காலங்களோ இரண்டு பருவக்காற்றுக் காலங்களையும் ஒட்டியே வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் நீரோட்டம் ஒரு பக்கம், வடகிழக்கில் மறுபக்கம். அந்த ஆண்டு காற்று எப்போது திரும்பியது என்பது ஒரு பாரின் தலையெழுத்தாகிவிடலாம்.

இளவுயிரியை வெறும் தூசி போல நினைத்துவிட வேண்டாம். கரைக்கு அருகில் வந்த பிறகு அது தேர்வு செய்கிறது. கொட்டலசின் கடைசி இளவுயிரிப் பருவம் சாப்பிடாது. சேமித்த கொழுப்பை வைத்துக்கொண்டு இடம் தேடுவது மட்டுமே அதன் வேலை. தன் உணர்கொம்புகளால் கல்லின் மேல் நடந்து நடந்து பார்க்கும். ஏற்கெனவே தன் இனம் ஒட்டியிருந்தால், அந்த ஓட்டில் உள்ள புரதத்தைத் தெரிந்துகொண்டு பக்கத்திலேயே இடம் பிடிக்கும். பிடிக்காவிட்டால் விட்டு மிதந்து போய் வேறிடம் பார்க்கும். கிலோமீட்டர் கணக்கில் நடப்பது காற்றும் நீரோட்டமும் செய்யும் வேலை. கடைசி சில சென்டிமீட்டர் அதன் சொந்த முடிவு. ஒட்டிய பிறகு மறுபடியும் வானிலை வருகிறது. நீர் வற்றிய மதியத்தில் சுட்டெரிக்கும் வெயில் அடித்தால், நேற்று ஒட்டிய குஞ்சுகள் காய்ந்துவிடும். ஆற்று முகத்துவாரங்களில் பெருமழைக்குப் பின் உப்பு குறைந்தாலும் பல இனங்களுக்கு ஆகாது.

இனி நாங்கள் செய்த வேலை. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பழைய ஓட்டு வீட்டில் இருந்து கழித்துப் போட்ட சீமை ஓடுகளைத் துண்டாக்கி, துளையிட்டு, கயிற்றில் கட்டி மீன் இறங்குதளத்தின் இரண்டு பக்கத்திலும் தொங்கவிட்டோம். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பு நட்டு ரிப்பன் கட்டினோம். காலையில் இறைவணக்கத்துக்கு முன்பும் மாலை மணி அடித்த பிறகும் ரிப்பன் எந்தப் பக்கம் பறக்கிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்து எழுதினார்கள். வாரம் ஒருமுறை ஓட்டைத் தூக்கி, கை உருப்பெருக்கியால் பார்த்து, புதிதாக ஒட்டியவற்றை எண்ணி, தேய்த்துக் கழுவி மறுபடி தொங்கவிடுவது. முதலில் கடுகைவிடச் சிறிய பழுப்புப் புள்ளியாகத் தெரியும். சில நாட்களில் வெள்ளை வளையமாகும். புள்ளியை அழுக்கு என்று நினைத்து முதல் இரண்டு வாரம் எண்ணாமல் விட்டோம். அந்தத் தரவு போயிற்று.

தண்ணீருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விட வேண்டாம். ஓட்டைத் தூக்கி இறக்குவது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு மீனவர். பிள்ளைகள் எண்ணியது கரையில், வாளியில் வைத்து. தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கினோம். பெற்றோரிடமும் வாங்கினோம். இதைத் தவிர்க்கவே கூடாது.

நடந்தது என்னவென்றால், பல வாரம் இரண்டு பக்கத்திலும் ஒன்றிரண்டுதான். வாடை தொடர்ந்து அடித்த ஒரு வாரத்துக்குப் பிறகு ஒரு பக்கத்து ஓடு முழுக்கப் புள்ளி. எண்ணிய இரண்டு பேரும் சண்டை போடும் அளவுக்கு. மறுபக்கத்து ஓட்டில் அப்போதும் விரல் விட்டு எண்ணலாம். ஒரு பருவத்துப் பதிவை வைத்து வாடைதான் காரணம் என்று நிறுவ முடியாது என்று அவர்களே குறிப்பேட்டில் எழுதினார்கள். வேறு என்னவெல்லாம் அந்த வாரம் மாறியது என்று ஒரு பட்டியல் போட்டார்கள். மழை பெய்தது, பவுர்ணமி வந்தது, பக்கத்தில் ஒரு படகைக் கொண்டுவந்து கட்டினார்கள். வடிவமைத்த சோதனையில் எதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று நான் பலகையில் எழுதிப் போட்டு விளங்காதது, அந்தப் பட்டியலில் விளங்கியது. அடுத்த மாதம் கயிறு அறுந்து மூன்று ஓடு கடலோடு போய்விட்டது.

கடற்கரை இல்லாத பள்ளிகளில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். குளத்தில் ஓடு தொங்கவிட்டால் நத்தை முட்டையும் கொசுப்புழுவும் பாசியும் கிடைக்கும். எருக்க விதை எந்தச் சுவரோரம் குவிகிறது என்று பார்க்கலாம். காற்றுப் பதிவேடு எல்லாப் பள்ளியிலும் முடியும். செலவு ஒரு முழம் ரிப்பன்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு அப்பாவோடு படகுக்குப் போய்விட்டான். மேல்நிலைக்குப் போகச் சொல்லி இரண்டு முறை வீட்டுக்குப் போனேன், நடக்கவில்லை. போன வருடம் மீன் இறங்குதளத்தில் ஓட்டைத் தூக்கும்போது பார்த்தேன். நான் போட்ட பெருக்கல் குறியைச் சொல்லி, நீ எழுதியதில் விஷயம் இருந்தது, நான்தான் கேட்டிருக்க வேண்டும் என்றேன். அவனுக்கு அந்தத் தேர்வே நினைவில்லை. கொஞ்ச நேரம் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டீச்சர், இத இங்க கட்டுனா வளைவு மறைச்சிரும். வாநீவாடு அந்த முனையத் தாண்டித்தான் திரும்பும். அங்க ஒண்ணு கட்டுங்க" என்றான்.

இந்த ஐப்பசியில் அவன் காட்டிய இடத்திலும் சேர்த்து ஆறு ஓடு கட்டப்போகிறோம். கயிறு இந்த முறை நைலான்.